சடைச்சி வாசல் சாம்பல்

ஒரு காட்டுக்கு மூன்று பேர் உரிமை கேட்டு வந்த கதை இது. காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கடைசியில் தீர்ப்பு உங்கள் தலையில்தான் விழப்போகிறது.

வேங்கையூர் என்று ஒரு மலையடிவாரத்து ஊர். அடுப்பு மூட்டுவதில் அந்த ஊரார் சூரர்கள். சோற்றுக்கு ஓர் அடுப்பு, வெந்நீருக்கு ஓர் அடுப்பு, விருந்தாளி யாராவது வந்துவிடுவாரோ என்ற சந்தேகத்துக்கு ஓர் அடுப்பு. விறகு வெட்டி வெட்டி மலை மொட்டையாயிற்று. மிஞ்சியது அருவிக்காடு ஒன்றுதான். அந்தக் காட்டிலிருந்து இறங்கும் ஓடையும் ஒரு கோடையில் நூலாக இளைத்தது. அரசி இளநங்கை முரசறையச் சொன்னாள்.

“இந்தத் தைப்பூசம் முதல் அடுத்த தைப்பூசம் வரை உங்கள் அடுப்புச் சாம்பலை உங்கள் வாசலிலேயே குவித்து வையுங்கள். பாத்திரம் துலக்கக்கூட அதில் ஒரு பிடி எடுக்கக் கூடாது. எவருடைய சாப்பாட்டுக்கு மிகக் குறைவாகக் காடு எரிந்ததோ, அவருக்கே அருவிக்காடு சொந்தம். வெட்டுவதும் காப்பதும் அவர் விருப்பம்.”

ஊரே தலைகீழாயிற்று. மழையில் கரையாதிருக்கச் சாம்பல் குவியலுக்கெல்லாம் ஓலை மூடி வந்தது. தேங்காய் நாரும் மணலும் கொண்டு பாத்திரம் தேய்த்த பெண்கள் அரசியை வாய்க்கு வந்தபடி வைதார்கள். ஆனால் விறகுக்குப் போன காசு முந்தானையிலேயே தங்குவதைப் பார்த்ததும் வைவது குறைந்தது. காலையில் பழையது, இரவில் மட்டும் சூடு என்று வயிறுகள் பழகிக்கொண்டன.

ஆண்டு முடிந்தது. காட்டைக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள்.

முதலாமவர் மரவணிகர் அனந்தப்பர். “தாயே, என் வாசலைப் பாருங்க. ஊதுனாப் பறக்கறதுக்குக்கூட ஒரு பொட்டுச் சாம்பல் கிடையாது” என்றார். உண்மைதான். அவர் வீட்டு அடுப்பு ஆண்டு முழுவதும் எரியவில்லை. இரண்டு வேளையும் குடும்பத்தோடு கோயில் சத்திரத்துப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தார் என்பதும் உண்மைதான். அடுப்பு எரியாத வீட்டில் மனிதர் நன்றாகவே பெருத்திருந்தார். காடு கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கோடரிகளுக்குச் சாணைகூடப் பிடித்தாயிற்று.

இரண்டாமவர் நாதசுரக்காரர் உலகநாதர். அவரும் மனைவி கோமதியும் ஊறவைத்த அவல், முளைவிட்ட பயறு, பழம் என்று தின்று, அரைவயிற்றோடு நாயனம் ஊதிக் காலம் தள்ளியவர்கள். அடைமழையில் கோமதி ஒரு வாய் சூடான கஞ்சிக்கு அழுதே விட்டாள். மிகவும் முடியாத நாள்களில்தான் அடுப்பு மூட்டினார்கள். அவர்கள் குவியல் நான்கு முறம்தான்.

மூன்றாவது, ஓடைக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சடைச்சி. அவள் வாசல் குவியல் இடுப்பளவு நின்றது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

“சிரிங்க, சிரிங்க” என்றாள் சடைச்சி. “தாயே, காடு போச்சுன்னா ஓடை போச்சு. ஓடை போனா என் கொடிக்கால் ஒரு வெயிலுக்குத் தாங்காது. எனக்கு வேற பிழைப்புத் தெரியாது. அதனால்தான் கேக்க வந்தேன்.”

அரசி உலை வைக்கும் நேரம் பார்த்து ஓடைக்கரைப் பாறையில் ஏறி நின்றாள். மற்றத் தெருக்களில் கூரைக்குக் கூரை புகை. சடைச்சியின் நீண்ட தெருவில் ஒரே ஒரு புகை. அரசி இறங்கிப்போய் அந்தத் தெருவில் வீடு வீடாக நுழைந்தாள். ஓர் அடுப்புக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. இன்னொன்றில் குருவி கூடு கட்டியிருந்தது. மற்றொன்றில் எப்போதோ விழுந்த பூசணி விதை முளைத்து இலை விட்டிருந்தது. அரசி அந்த இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

கூடவே வந்த அனந்தப்பர் விடுவாரா? “இந்தத் தெருக்காரங்க வாசல்லயும்தான் சாம்பல் இல்லை. அவங்க எவனும் காட்டைக் கேட்டு வரலியே! நான் ஒருத்தன்தானே வந்து நிக்கிறேன்?” என்றார். அந்தத் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அரசி கொடுத்த வாக்கில் ஒரு சொல்லும் பிசகக் கூடாது. சாம்பலே இல்லாத அனந்தப்பரா, அரைவயிற்றோடு கிடந்த உலகநாதரா, இடுப்பளவு சாம்பல் குவித்த சடைச்சியா? அருவிக்காடு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: “சாம்பல் எவர் வாசலில் கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை. எவர் சாப்பாட்டுக்கு எரிந்தது என்றுதான் கேட்டேன். சாப்பிட்டவர்கள் வந்து அவரவர் பங்கை அள்ளிக்கொள்ளுங்கள்” என்றாள் அரசி. அனந்தப்பரைச் சத்திரத்துச் சாம்பல் மேட்டுக்கு அனுப்பினாள். அவர் ஒருவருடைய பங்கே நான்கு முறத்துக்கு மேல்; அவர் எடுத்துப்போன கூடையில் கொள்ளவில்லை. உலகநாதர் வீட்டில் ஆளுக்கு இரண்டு முறம். சடைச்சி வாசலுக்கோ அவள் தெருவே திரண்டு வந்தது. ஆண்டு முழுவதும் தங்கள் அரிசியை அவள் உலையில் போட்டு ஒன்றாக உண்டவர்கள் அவர்கள். ஆளுக்கு ஒரு முறம் அள்ள அள்ள, ஊர் பார்த்துச் சிரித்த குவியல் ஊர் கண் முன்னாலேயே கரைந்தது. மிகக் குறைந்த அந்த ஒரு முறம் தெருவில் எல்லோருக்கும் ஒன்றே; ஆகவே காடு அந்தத் தெருவுக்கே சொந்தமாயிற்று. கடைசி முறத்தைத் தன் பங்காகச் சடைச்சி அள்ளியபோது, போன தைப்பூசத்தன்று அவள் போட்டிருந்த கோலம் அடியில் அப்படியே இருந்தது.