விகட மண்டபத்தின் மேல் ஒரு பிராது

கொன்றையூரை வேங்கைமாறன் ஆண்டபோது அவருடைய சபையில் அம்பலத்தாடி என்றொரு விகடர் இருந்தார். அரண்மனைச் சேவகர் அல்ல, சொந்தத் தொழில். ராஜா சிரித்தால் நெல் கிடைக்கும். சிரிக்காவிட்டால் வெறும் சாக்கோடு வீடு திரும்புவார்.

ஐம்பதைத் தாண்டியதும் முன்பற்கள் இரண்டு விழுந்தன. பல் போனால் சொல் போச்சு. ராஜா சிரிப்பது நின்றுபோனால் அடுப்பு எப்படி எரியும் என்று மனைவி மரகதம் கேட்டாள். முந்தைய விகடர் கடைசியில் சத்திரத்து வாசலில் கையேந்தியதை இருவரும் பார்த்திருந்தார்கள்.

ஒரே ஆறுதல் ஊர்க் களஞ்சியம். குயவர், தச்சர் போன்ற சொந்தத் தொழில்காரர்கள் அறுவடைதோறும் அதில் கொஞ்சம் நெல் போட்டு வைத்து, தள்ளாத வயதில் எடுத்துக்கொள்வார்கள். அம்பலத்தாடியும் போட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பொக்கிஷ அதிகாரி திருமேனிநாதர் அன்பாக ஒரு யோசனை சொன்னார். தனி ஆளாகத் தொழில் செய்தால் வரி அதிகம். ராஜமுத்திரை வாங்கித் தொழிலை ஒரு மண்டபத்தின் பெயருக்கு மாற்றிவிட்டால் வரி பாதிதான். அம்பலத்தாடி மகிழ்ந்துபோய் விகட மண்டபம் அமைத்தார். அன்றிலிருந்து ஏட்டுக் கணக்கில் ராஜாவுக்கு விகடம் சொல்வது மண்டபம். அம்பலத்தாடி மண்டபத்தின் சம்பள ஆள்.

அடுத்த அறுவடைக்கு நெல்லோடு போனவரைக் களஞ்சியத்தில் திருப்பி அனுப்பினார்கள். அவர் இப்போது சொந்தத் தொழில்காரர் இல்லையாம். திருமேனிநாதரிடம் ஓடினார். வயதான காலத்துக்கு அரண்மனை தரும் மானியம் அரண்மனைச் சேவகருக்கு மட்டும் என்றார் அவர். சம்பள ஆளுக்கு ஒரே வழிதான்: களஞ்சியத்தில் ஆள் ஒரு மூட்டை நெல் போட்டால் முதலாளியும் ஒரு மூட்டை போட வேண்டும். அது நாட்டு வழக்கம்.

"உங்கள் முதலாளியைப் போய்க் கேளுங்கள்" என்று சொல்லி மீசைக்குள் சிரித்தார்.

மறுநாள் அம்பலத்தாடி சபையில் பிராது கொடுத்தார். முதலாளி தன் பங்கைப் போட மறுக்கிறார் என்று.

"யாரப்பா உன் முதலாளி?" என்றார் ராஜா.

"விகட மண்டபம், மகாராஜா."

"அதை நடத்துவது நீதானே?"

"நான்தான். ஆனால் மனுஷன் ரொம்பக் கறார்."

சொல்லிவிட்டு மேல்துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். இந்த ஆளுக்கு எதற்கு ஒரு மூட்டை என்று அதட்டினார். பாதி விகடம் பழசு, மீதி பல் சந்தில் காற்றாகப் போகிறது, தன் கையிலிருந்து ஒரு மணி நெல் பெயராது என்றார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து இந்தப் பக்கம் வந்து, அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபை குலுங்கியது.

திருமேனிநாதர் மட்டும் சிரிக்கவில்லை. அம்பலத்தாடி அவர் பக்கம் பணிவாகத் திரும்பினார். "முதலாளி மறுத்தால் வழக்கம் என்னங்க ஐயா? சட்டம் தெரிந்தவர் நீங்கள்தான்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதலாளிக்குப் பன்னிரண்டு கசையடி. அவன் பங்கை, அவன் தொழிலுக்கு முத்திரை போட்டுக் கொடுத்தவர்..."

அங்கே நிறுத்திக்கொண்டார். முத்திரை மோதிரம் ராஜாவின் விரலில் இருந்தது.

ராஜா மோதிரத்தைப் பார்த்தார். "ஆக, பங்கை நான் போட வேண்டும். சரி. கசையடி?"

"அது முதலாளிக்குத்தான், மகாராஜா" என்றார் திருமேனிநாதர் அவசரமாக.

"தாராளமாக அடிக்கட்டும்" என்றார் அம்பலத்தாடி. "மண்டபத்தில் நாலு தூண் இருக்கிறது. அதில் எது முதுகு என்று ஐயா காட்டட்டும்."

ராஜா சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. அறுவடைதோறும் விகடர் போடும் மூட்டைக்கு அரண்மனை ஒரு மூட்டை போடும் என்று உத்தரவானது. அதை அளந்து கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு திருமேனிநாதருக்கு.

பிறகு ராஜாவுக்கு இரக்கம் வந்தது. "இப்படிப்பட்ட கஞ்சனிடம் எதற்கு வேலை பார்க்கிறாய்? பேசாமல் அரண்மனைச் சேவகத்துக்கு வந்துவிடேன்."

அம்பலத்தாடி கும்பிட்டார். "வேண்டாம் மகாராஜா. அவரை என்ன திட்டினாலும் தலை தப்பிவிடுகிறது."