காவல் மந்தியின் தலைவலி

காட்டோடைக் கரையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதன் கிளைகளில் கருமூஞ்சி மந்திகள் குடியிருந்தன. அடியில் புள்ளிமான்கள் மேய்ந்தன. மந்திகளுக்குச் சுத்தமாகச் சாப்பிடத் தெரியாது. பாதியைத் தின்று பாதியைக் கீழே போடும். மான்களுக்கு அதுவே விருந்து.

மந்திக்குக் கண் கூர்மை. மானுக்கு மூக்குக் கூர்மை. மேலே இருப்பவர்கள் பார்க்க வேண்டும், கீழே இருப்பவர்கள் மோப்பம் பிடிக்க வேண்டும். இரண்டு கூட்டமும் இப்படித்தான் சிறுத்தையிடம் சிக்காமல் பிழைத்து வந்தன.

உச்சிக்கிளையில் காவல் இருந்தவள் மருதாயி என்ற மந்தி. சிறுத்தை பெரும்பாலும் விடிகிற நேரத்தில்தான் வரும். புல்லில் அதன் காது நுனி தெரிந்தால் போதும். "கக்! கக்!" என்று மருதாயி ஒரு கத்துக் கத்துவாள். மான்கள் நாலாபுறமும் பறந்துவிடும். சிறுத்தை வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவலுக்கு உட்கார்ந்தவள் பொழுது சாயும்வரை மரத்தை விட்டு இறங்கக் கூடாது. மற்ற எல்லாரும் ஓடைக்குப் போய்க் குடித்து வந்த பிறகுதான் அவள் நாக்கை நனைக்கலாம். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

மருதாயிக்கு அதில் பெருமை வேறு! "இன்னிக்குப் பகல் பூரா பச்சைத் தண்ணி பல்லுல படல, தெரியுமா?" என்று மற்ற மந்திகளிடம் பீற்றிக்கொள்வாள். அவையும் "அடேயப்பா!" என்று வாயைப் பிளக்கும். இருட்டும் நேரத்தில் இறங்குவாள். அவசர அவசரமாக நாலு வாய் குடிப்பாள். திரும்ப ஏறிப் படுத்துக்கொள்வாள்.

வெயில் காலம் வந்தது. மருதாயிக்குத் தலைவலியும் வந்தது.

விடியற்காலையில் கண் விழித்தால் மண்டை பிளக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நெற்றியில் ஒரு கொடியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்காருவாள். புல்லைப் பார்த்தால் புல் இரண்டாகத் தெரியும். ஒரு நாள் காட்டுப்பன்றியைப் பார்த்துச் சிறுத்தை என்று கத்திவிட்டாள். மான்கள் விழுந்தடித்து ஓடின. பன்றிக்கு ஒன்றும் புரியவில்லை. அது நின்று நிதானமாகக் கிழங்கு தோண்டியது.

மந்திகளின் தலைவன் சடையனுக்குக் கோபம் வந்தது.

"என்ன மருதாயி, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"தலைவலிண்ணே. காலையில எந்திரிச்சாலே இடிக்குது."

"தலை இருந்தா வலிக்கத்தான் செய்யும். வேலையைப் பாரு!" என்றான் சடையன். இவ்வளவுதான் அவனுடைய வைத்தியம்.

இதை ஒரு புதருக்குள்ளிருந்து நரி கேட்டுக்கொண்டிருந்தது. சிறுத்தை தின்று மிச்சம் வைக்கும் எலும்புதான் நரிக்குச் சாப்பாடு. மருதாயி சரியாகக் கத்திய நாளெல்லாம் சிறுத்தைக்கும் பட்டினி, நரிக்கும் பட்டினி. அதன் விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி இளைத்துப் போயிருந்தது. 'நல்ல சமயம்!' என்று நாக்கைச் சப்புக் கொட்டியது.

அன்று மாலை மருதாயி ஓடைக்கு வந்தபோது நரி அங்கே நின்றது.

"என்ன தங்கச்சி, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?"

"நரியண்ணே, காலையில எந்திரிச்சா தலைவலி உசுரை வாங்குது."

"அடிப்பாவமே! இது தாகத் தலைவலி. ராத்திரி முழுக்க உடம்பு வறண்டு கிடக்குல்ல? அதான் விடிஞ்சதும் மண்டையைப் பிடிக்குது."

"அப்படியா! அதுக்கு என்ன செய்யணும்?"

"பகல்ல வழக்கத்தை மாத்திடாத. வழக்கம்னா வழக்கம்தான். படுக்கப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மட்டும் வயிறு முட்டக் குடி. இதுக்கு மேல முடியலங்கிற வரைக்கும் குடி. விடியிற வரைக்கும் தாங்கும்!"

நரி சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் மருதாயி நம்பினாள். முழுப் பொய்யை யார் நம்பப் போகிறார்கள்? பாதி உண்மையைச் சொல்லி மீதியை முழுங்குவது நரிக்குக் கைவந்த கலை.

மருதாயி குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். வயிறு பானைபோல உப்பியது. 'தளக், தளக்' என்று சத்தம் வர, மூச்சு வாங்கிக்கொண்டு மரமேறிப் படுத்தாள்.

அரைத்தூக்கத்தில் முட்டிக்கொண்டு வந்தது. மருதமரத்தில் கழிப்பிடம் ஏது? இருட்டில் இறங்கவும் பயம். கிளை நுனிக்கு நகர்ந்து காரியத்தை முடித்தாள். நேர் கீழ்க்கிளையில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான் சடையன்.

"யாரது? மழையா?" என்று துள்ளி எழுந்தான்.

"மழை இல்லண்ணே... நான்தான்..." என்றாள் மருதாயி ஈனக்குரலில்.

அதன்பின் அந்த மரத்தில் யார் தூங்கினார்கள்! கண் அசந்தால் மறுபடி முட்டும். மருதாயி எழுந்தால் கிளை ஆடும். கிளை ஆடினால் குட்டிகள் அழும். குட்டிகள் அழுதால் தாய்மார்கள் திட்டுவார்கள். இரவெல்லாம் இதே கூத்து. கடைசியில் கிழக்கு வெளுக்கிற நேரத்தில்தான் மருதாயிக்கு நல்ல தூக்கம் பிடித்தது. கட்டையைப் போலக் கிடந்தாள்.

அந்த நேரத்தில்தான் சிறுத்தை வந்தது.

அன்று காற்று மான்கள் பக்கமிருந்து சிறுத்தை பக்கம் வீசியது. அதனால் மான்களின் மூக்கும் உதவவில்லை. சிலம்பாயி என்ற பெண்மானின் குட்டி ஓடைக்கரையில் தனியாக நின்றது. சிறுத்தை பாய்ந்தது! கரைச் சேறு வழுக்கியதால் பாய்ச்சல் ஓர் அடி தவறியது. குட்டி பிழைத்தது. ஆனால் அதன் பின்தொடையில் நீளமாக நகம் கீறி ரத்தம் வழிந்தது.

சிலம்பாயி மரத்தடியில் நின்று மேலே பார்த்தாள்.

"உன்னை நம்பித்தானே மருதாயி நாங்க தலையைக் குனிஞ்சு மேயுறோம்? நீ தூங்கிட்டியா?"

மருதாயி மேலிருந்து குட்டியின் காலைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. தன்னையே நாலு அறை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"இனிமே நீ காவலுக்கு வேண்டாம்! நானே இருந்துக்கிறேன்" என்றான் சடையன். உச்சிக்கிளைக்கு அவனே ஏறினான். மருதாயி கீழே இறங்கினாள்.

வேலை போய்விட்டது. என்ன செய்வது என்று தெரியவில்லை. ஓடைக்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருந்ததால், இத்தனை நாள் பார்க்காததெல்லாம் கண்ணில் பட்டது. மைனா வந்து ஒரு வாய் குடித்துப் பறந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. மான்கள் மேய்வதும் குடிப்பதுமாக இருந்தன. யாருமே மொத்தமாகக் குடிக்கவில்லை. அவளும் பொழுது போகாமல் கையால் அள்ளி அள்ளி ஒரு வாய், இரண்டு வாய் குடித்தாள். பசித்தபோது கரையோர அத்திமரத்தில் பழம் பறித்துத் தின்றாள். சாயங்காலம் வயிறு முட்டக் குடிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தாகம் இருந்தால்தானே!

அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்தாள். தலையைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தாள். வலி இல்லை!

'இதென்ன அதிசயம்?' என்று நினைத்தாள். மறுநாளும் வலி இல்லை.

அப்போதுதான் நரி ஓடைக்கு வந்தது. நாலு நக்கு நக்கிக் குடித்துவிட்டுப் போனது. வெயில் ஏறியதும் திரும்பி வந்தது. மறுபடி நாலு நக்கு. நிழல் நீளும் நேரத்தில் மீண்டும் வந்தது.

மருதாயிக்குச் சுருக்கென்றது. "என்ன நரியண்ணே, போறப்பவும் வர்றப்பவும் குடிக்கிற. எனக்கு மட்டும் ராத்திரி மொத்தமா குடிக்கச் சொன்னியே?"

நரி திருதிருவென்று விழித்தது. "அது... உன் உடம்பு வேற, என் உடம்பு வேற தங்கச்சி!" என்று சொல்லிவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவியது.

மருதாயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே மருதமரத்துக்கு ஓடி மேலே ஏறினாள். உச்சிக்கிளையில் சடையன் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஒரு கொடி! இறுக்கமாகக் கட்டியிருந்தான்.

மருதாயிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"என்னண்ணே, தலைவலியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான் சடையன். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையில இருந்து இடிக்குது மருதாயி. அந்தப் புல்லு எனக்கு ரெண்டாத் தெரியுது" என்றான்.

"பகல்ல குடிக்காம இருந்தா அப்படித்தான் தெரியும். ராத்திரி ஒரேயடியாக் குடிச்சா தூக்கம் போயிரும். பகல் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும்ணே. எனக்கு வலி விட்டுப் போச்சு!"

"காவலுக்கு இருக்கிறவங்க இறங்கக் கூடாது. அது வழக்கம்!"

"இறங்குனா அந்த நேரத்துக்கு யார் பார்க்கிறது?" என்று மற்ற மந்திகளும் முணுமுணுத்தன.

"நாங்க பார்த்துக்கிறோம்!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. சிலம்பாயி! பக்கத்தில் அவள் குட்டி, காயம் ஆறிவரும் காலோடு நின்றது.

மருதாயி இரண்டு கிளை கீழே இறங்கி வந்தாள். "என் மேல உனக்குக் கோபம் இல்லையாக்கா?"

"கோபம் இருக்கு. இல்லாம இருக்குமா?" என்றாள் சிலம்பாயி. "அதுக்காக வலியோட உக்காந்திருக்கிற கண்ணை நம்பி நான் எப்படிக் குட்டியை மேய விடுறது? நீ இறங்கிக் குடிக்கிற நேரத்துல நாங்க மேய்ச்சலை நிறுத்திட்டு, நாலு பக்கமும் பிரிஞ்சு நின்னு மோப்பம் பிடிக்கிறோம். எந்தப் பக்கம் காத்து அடிச்சாலும் ஒரு மூக்காவது பிடிச்சிரும். நீ நிதானமா குடிச்சிட்டு ஏறு."

சடையன் யோசித்தான். அவன் மண்டை இடித்த இடியில் யோசனை சீக்கிரமே முடிந்துவிட்டது.

"சரி! நீயே காவலுக்கு இரு மருதாயி. நான் இப்பவே தண்ணி குடிக்கப் போறேன்" என்று நெற்றிக்கொடியைப் பிய்த்து எறிந்துவிட்டு இறங்கினான்.

அன்றிலிருந்து மருதாயி பகலில் அவ்வப்போது இறங்கிக் குடித்தாள். மான்கள் நாலு பக்கமும் நின்று மூக்கைத் தூக்கிக் காவல் காத்தன. மாலையில் சாறுள்ள அத்திப்பழம் தின்றாள். இருட்டுவதற்கு நன்றாக முன்பே கடைசி வாய் குடித்தாள். படுக்குமுன் புதரோரம் போய் வந்து ஏறினாள். கிளைக் கவட்டில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டாள். இரவில் வாய் வறண்டால் ஒரு கடி கடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். கிளையும் ஆடவில்லை, சடையனும் நனையவில்லை.

நரிக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. தன் சமாளிப்பை மருதாயி நம்பியிருப்பாள், பழையபடி தலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள் என்றே நினைத்தது. சிறுத்தையிடம் போய், "ராசா, காவல் மந்தி கண்ணு தெரியாம கிடக்குறா. நாளைக்கு விடியக்காலையில வாங்க. நானே வழி காட்டுறேன்!" என்றது.

விடிந்தும் விடியாத நேரம். பனி மூட்டம்போல மங்கலான வெளிச்சம். மருதாயி கண் விழித்தாள். தலை தெளிவாக இருந்தது. புல்லைப் பார்த்தாள். புல் ஒன்றாகவே தெரிந்தது. காற்றில் எல்லாப் புல்லும் ஒரு பக்கம் சாய்ந்தன. ஓரிடத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் அசைந்தது. உற்றுப் பார்த்தாள். வட்டமான ஒரு காது! அதன் பின்னால் நரியின் கூரான இரண்டு காதுகள்!

"கக்! கக்! கக்!"

காடே அதிர்ந்தது. சிலம்பாயி துள்ளினாள். குட்டி அவளுக்கும் முன்னால் துள்ளியது! சிறுத்தை பாய்ந்த இடத்தில் மண் மட்டும்தான் இருந்தது. ஒரு மான்கூட அகப்படவில்லை.

சிறுத்தை மெதுவாகத் திரும்பி நரியைப் பார்த்தது. "கண்ணு தெரியாதுன்னு சொன்னியே?"

"ராசா, போன வாரம் தெரியலைதான்..." என்று நரி இழுத்தது. சொல்லி முடிக்கவில்லை. சிறுத்தை உறுமிக்கொண்டு துரத்த, நரி ஓடையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, அந்தக் காட்டை விட்டே ஓடிப்போனது.

வெயில் ஏறியதும் மருதாயி இறங்கி வந்தாள். மான்கள் வழக்கம்போல நாலு பக்கமும் பிரிந்து நின்றன. சிலம்பாயியின் குட்டி மட்டும் தயங்கித் தயங்கி ஓடைக்கு வந்து, அவளை ஒட்டி நின்றுகொண்டு தண்ணீரில் வாயை வைத்தது. சிலம்பாயி அதைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டாள்.

பகலெல்லாம் உடம்பைக் காயப்போட்டு இரவில் ஒரேயடியாக ஊற்றுபவருக்கு அல்ல, வேளாவேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவருக்கே இரவில் நல்ல தூக்கமும் காலையில் தெளிந்த தலையும் கிடைக்கும்.