வாளித் தண்ணீர்

"தினமும் தண்ணி மாத்துறேன் அம்மா. அப்பவும் சிவப்புதான் காட்டுது" என்றார் சிதம்பரநாதன்.

பொற்கொடி அவரைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னலை மறைத்து மணி பிளான்ட் கொடி படர்ந்திருந்தது. வெயில் அந்த இலைகளின் வழியே வந்ததால், அறை தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது.

மலையடிவாரத்து அந்த ஊருக்கு, மனக்குறைகளைச் சொல்லி வழி கேட்க அவளைத் தேடிப் பலர் வந்தார்கள். சிதம்பரநாதனைவிட அவள் பத்து வயதாவது இளையவள். உபதேசம் செய்யும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"எது சிவக்குது?"

"சோதனைக் குழாய். மீன் தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் எடுத்து, மருந்து சொட்டு விட்டுக் குலுக்கணும். மஞ்சளா இருந்தா நல்ல தண்ணி. சிவந்தா நைட்ரேட் ஏறிப்போச்சுன்னு அர்த்தம். மீனோட கழிவெல்லாம் கடைசியில அதுவாத்தான் மாறும். வடிகட்டி அதைப் பிடிக்காது. கண்ணுக்கும் தெரியாது. பார்த்தா தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும்."

"பாடம் நல்லா நடத்துறீங்க."

"தமிழாசிரியரா இருந்தேன்."

"அதான். சரி, இப்ப யாருக்கு என்ன?"

"வெள்ளச்சின்னு ஒரு மீன். மேலேயே மிதந்துகிட்டு வாயைத் திறந்து திறந்து மூடுது. போயிடுமோன்னு பயமா இருக்கு."

"போனா இன்னொண்ணு வாங்குங்க."

சிதம்பரநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் வீட்டுக்காரி வடிவு அதுகிட்ட மட்டும்தான் பேசுறா."

இலைகள் அசைந்தன. அறையின் பச்சை நிறம் ஒருமுறை கலங்கித் தெளிந்தது.

"உங்ககிட்ட?"

"சித்திரையோட நின்னுபோச்சு."

"தொட்டியில அது ஒண்ணுதானா?"

"திரும்ப இடமில்லாத அளவுக்கு இருக்கு. சண்டை போட்டா மறுநாள் ஒரு மீன் வாங்கிட்டு வருவேன். சமாதானத்துக்கு."

பொற்கொடி சிரித்துவிட்டாள்.

"மீன் கடைக்காரர் உங்க பேரைச் சொல்லித்தான் தினம் விளக்கேத்துவார். மீனைக் குடுத்துட்டு விட்டுடுவீங்களா?"

"அதெப்படி? பக்கத்துல உட்கார்ந்து பேசுவேன். சண்டை எந்த வார்த்தையில ஆரம்பிச்சது, அவ என்ன சொன்னா, அதை நான் எப்படி எடுத்துக்கிட்டேன், நான் சொன்னதுக்கு உண்மையில என்ன அர்த்தம்... எல்லாத்தையும் தெளிவாக்கிடுவேன். மனசுல கசடு தங்கக் கூடாது பாருங்க."

"அதுக்கு அவங்க என்ன சொல்வாங்க?"

"கேட்டுக்கிட்டே இருப்பா. கடைசியா ஒருநாள், 'சண்டைக்குமா பொழிப்புரை?'ன்னு கேட்டா. அதோட சரி."

பொற்கொடி எழுந்து கொடியில் ஒரு கிளையைக் கிள்ளி அவர் கையில் கொடுத்தாள்.

"வேர் தண்ணிக்குள்ள. இலை வெளிய."

*

வேர்கள் வெள்ளை நூல்களாகத் தொட்டிக்குள் இறங்கின. இலைகள் சுவரில் ஏறின.

குழாய் சிவந்தது.

"செடி தளதளன்னு இருக்கு. வெள்ளச்சிதான் கீழே இறங்கவே மாட்டேங்குது" என்றார், மறுபடி பொற்கொடியிடம் வந்தபோது.

"கூட்டம் ஜாஸ்தி. வரும்போதெல்லாம் ரெண்டு மூணு மீனைக் கொண்டுவந்து இந்தக் குளத்துல விடுங்க" என்றாள் பொற்கொடி. அவள் வீட்டுக்குப் பின்னால் பாசி படர்ந்த ஒரு குளம் இருந்தது. "இன்ன சண்டைக்கு வாங்கினதுன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."

அடுத்த முறை அவர் தூக்குச்சட்டியில் மீன்களோடு வந்தார். முதலில் ஆரஞ்சு நிற மீனைக் கையில் ஏந்தினார். அது அவர் தங்கை வீட்டுக் கல்யாணத்தன்று வந்த சண்டை. சொல்ல வாயெடுத்தார்.

பொற்கொடி உதட்டில் விரல் வைத்தாள்.

மீன் அவர் கையிலிருந்து நழுவிப் பச்சைத் தண்ணீருக்குள் போனது. கொஞ்ச தூரம் ஆரஞ்சாகத் தெரிந்தது. அப்புறம் ஏதோ ஒரு மீனானது. அப்புறம் தண்ணீர் மட்டும்.

அந்தச் சண்டை மீனுக்கு ஞாபகம் இருக்காது. வடிவுக்கும் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் இத்தனை நாள் அதற்குத் தீனி போட்டது யார்? குளக்கரையில் நின்று வெகுநேரம் யோசித்தார். பதில் கிடைத்த மாதிரி இருந்தது. வேறொரு மீன் துள்ளியதும் மறந்துபோனது.

அன்று மத்தியானத் தூக்கத்தில் அவர் தொட்டிக்குள் இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வடிவு. அவர் பேசப் பேச வாயிலிருந்து குமிழிகள் எழுந்தன. அவள் ஒவ்வொரு குமிழியையும் கண்களால் பின்தொடர்ந்தாள். எல்லாம் மேலே போய் உடைந்தன. அவள் கைக்கு எதுவும் வரவில்லை.

*

தொட்டியில் இப்போது மீன்கள் தாராளமாகத் திரும்பின.

குழாய் சிவந்தது.

சிதம்பரநாதன் கோபத்தோடு பொற்கொடியிடம் வந்தார். உட்காரவில்லை.

"செடி வெச்சாச்சு. தீனியைக் குறைச்சாச்சு. மீனையும் குறைச்சாச்சு. தினமும் கிணத்துல இறைச்சு வாளி வாளியா நான்தான் சுமக்குறேன். ஒரு நாள் தவறினது கிடையாது. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? சொல்லுங்க!"

"தொட்டித் தண்ணியைச் சோதிச்சுப் பார்த்தீங்க."

"தினமும்!"

"வாளியில இருக்கறதை?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

*

கிணற்றில் ஒரு வாளி இறைத்தார். குளிர்ந்த, தெளிந்த தண்ணீர். அவர் முகம் அதில் மடிப்பு மடிப்பாக ஆடி நின்றது.

குழாயில் எடுத்தார். சொட்டு விட்டார். குலுக்கினார்.

மஞ்சள். அவருக்குச் சிரிப்பு வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தார். மஞ்சளுக்குள் எங்கிருந்தோ ஓர் ஆரஞ்சு ஊறியது. ஆரஞ்சு கனத்தது. பிறகு சிவப்பு. தொட்டித் தண்ணீர் காட்டியதைவிடக் கூடுதலான சிவப்பு.

கிணற்றுச் சுவருக்கு அப்பால் வயல்கள் இருந்தன. வருடக்கணக்கில் போட்ட உரம் நைட்ரேட்டாகி மண்ணுக்குள் இறங்கி, ஓசையில்லாமல் சுவரைத் தாண்டி வந்திருக்கிறது. அதை அவர் தன் கையாலேயே இறைத்து, தன் தோளிலேயே சுமந்து, சிந்தாமல் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார்.

உள்ளே வடிவின் குரல் கேட்டது. வெள்ளச்சியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

இதை அவளிடம் சொல்லியாக வேண்டும். அவர் வேகமாக வாசற்படி வரை போனார். முதல் வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. எழுவாய், பயனிலை எல்லாம் கச்சிதம்.

கையில் சோதனைக் குழாய் இருந்தது. அதைப் பார்த்தார்.

படியிலிருந்து காலை எடுத்தார்.

*

அதன்பிறகு அவர் தொட்டியில் தண்ணீர் ஊற்றவில்லை. எதுவும் பேசவுமில்லை. வெள்ளச்சி மேலே வாயைத் திறந்து மூடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கை சும்மா இருப்பது பெரிய வேலையாக இருந்தது.

ஐப்பசியில் மலையிலிருந்து மழை இறங்கியது.

முற்றத்தில் வாளியை வைத்தார். நிறைந்ததும் குழாயில் எடுத்துச் சொட்டு விட்டார். வெகுநேரம் காத்திருந்தார். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது.

ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. ஒரு சொம்பு எடுத்துவிட்டு ஒரு சொம்பு மழை ஊற்றினார். மறுநாள் இன்னொரு சொம்பு. மழை விடவில்லை. அவரும் அவசரப்படவில்லை.

ஒரு சாயங்காலம் வடிவு தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். சுவரில் இலைகளின் நிழல் நீந்தியது.

"ஏண்டி வெள்ளச்சி, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு? வாயே திறக்க மாட்டேங்கிறாரே?"

வெள்ளச்சி மேலே இல்லை. கீழே, வெகு ஆழத்தில், வேர்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ திரும்பி மறைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் மட்டும் இருந்தது.

முற்றத்து வாளியில் மழை விழும் சத்தம் கேட்டது.

வடிவு முகத்தைத் திருப்பினாள்.

"உங்களத்தான் கேக்குறேன்."