வெள்ளாயி துடைக்காமல் விட்ட பாசி

ஜன்னலோரம் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி இருந்தது. பாதி உப்புத் தண்ணீர், பாதி நல்ல தண்ணீர். அதில் வெள்ளாயி என்ற நத்தையும், சிட்டன் என்ற இறாலும், ஓர் உளுவை மீனும் குடியிருந்தன.

வெள்ளாயிக்குச் சுத்தம் என்றால் உயிர். விடிந்ததும் கண்ணாடியில் ஏறிப் பாசி துடைக்கத் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயாது. துடைப்பதும் வாயால்தான். அதனால் வயிறும் நிறைந்துவிடும்!

ஒரு நாள் காலையில் மணல்மேல் சிட்டனின் சட்டை கிடந்தது. இறால்கள் வளரும்போது மேலோட்டைக் கழற்றிப் போடுமே, அதுதான். காலும் மீசையும் அப்படியே இருந்தன. உள்ளே ஆளைத்தான் காணோம்.

"கழற்றினதை எடுத்து வைக்கத் தெரியுதா இந்தப் பிள்ளைக்கு!" என்று முணுமுணுத்தபடி வெள்ளாயி அதைத் துளி விடாமல் அரைத்து விழுங்கிவிட்டது.

பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. அதன் ஓட்டைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அக்கா! என் சட்டை எங்கே?"

"குப்பையா கிடந்துச்சு தம்பி. சுத்தம் பண்ணிட்டேன்!"

"ஐயோ, குப்பை இல்லைக்கா! அதைத் தின்னாத்தான் என் புதுச் சட்டை சீக்கிரம் கெட்டியாகும். இப்போ வெந்த சோறு மாதிரி இருக்கேன். உளுவை பார்த்தா ஒரே வாய்தான்!"

வெள்ளாயிக்குத் திக்கென்றது. கல்லுக்கு அடியில் உளுவை கண் விழித்து மோப்பம் பிடிப்பதும் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

இனி யோசித்து என்ன? மெல்ல நகர்ந்து போய், தன் ஓட்டால் சிரட்டையின் ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

உளுவை வந்து முட்டியது. கடித்தது. நத்தை ஓட்டில் பல் இறங்குமா?

மூன்று நாள் போனது. துடைக்க ஆளில்லாமல் கண்ணாடி முழுக்கப் பச்சையாகிவிட்டது. வெள்ளாயிக்கு அதைப் பார்க்கப் பார்க்க உடம்பே அரித்தது. பசி வேறு.

உளுவை குழைந்துகொண்டு வந்தது. "நத்தையம்மா, என்ன இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க! நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? போய் ஒரு சுத்து துடைச்சுட்டு வாங்க. தம்பியை நான் பார்த்துக்கிறேன்!"

வெள்ளாயியின் பாதம் தன்னை அறியாமல் ஒரு நூல் நகர்ந்தது. உடனே உள்ளேயிருந்து இரண்டு மீசைகள் நடுநடுங்கி அதன் பாதத்தைத் தொட்டன.

"நினைக்கிறவங்க நினைச்சுட்டுப் போகட்டும்!" என்று வெள்ளாயி திரும்ப அழுத்தி உட்கார்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சிட்டன் கேட்டது. "அக்கா, பசிக்குது. உன் ஓட்டுமேல என் பக்கமா பாசி ஏறியிருக்கு. தின்னட்டுமா?"

"என் மேலயா! பாசியா!" வெள்ளாயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சரி, சீக்கிரம் தின்னு. வெளியே சொல்லிடாதே!"

சிரட்டைக்குள் படிந்திருந்த பாசியையும் அக்கா ஓட்டுமேல் இருந்த பாசியையும் தின்று சிட்டன் நாளைக் கடத்தியது. ஏழாம் நாள், "வழி விடுக்கா!" என்று துள்ளி வெளியே வந்தது.

உளுவை வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தது. சிட்டன் தலையிலிருந்த கொம்பால் அதன் உதட்டில் ஒரு குத்து விட்டது. கெட்டியான கொம்பு! உளுவை வந்த வழியே ஓடிக் கல்லுக்கு அடியில் பதுங்கியது.

வெள்ளாயி கண்ணாடிப் பக்கம் ஊர்ந்தது. ஏழு நாள் பசி. ஆனாலும் வாய் வைக்குமுன் திரும்பிப் பார்த்தது.

"தம்பி, இந்தப் பாசி உனக்கு வேணுமா? நான் துடைச்சிடட்டுமா?"

"பாதி எனக்குக்கா!"

நம் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவது அடுத்தவருக்கு உயிராக இருக்கலாம். கை வைக்குமுன் அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.