ஒரே வரிசை

டாக்டர் கோதண்டத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னே? ஈரலை அரிக்கும் ஹெபடைடிஸ் பி-க்கு மாத்திரை வாங்க, இத்தனை வருஷமாய் ஜனங்கள் மலையிறங்கிப் பெரியாஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். இன்று அதே மாத்திரை கூட்டுப்பாறைக்கே வந்துவிட்டது!

கோதண்டம் தலை நரைத்த பிறகு சீடரானவர். தன் மகள் வயதுள்ள ஈரல் நிபுணர் ஜமீலாவிடம்தான் இந்த வைத்தியத்தைக் கற்றார். முதல் முகாமுக்குக் குருவையே அழைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலை அடைத்து ஒரு பேனர். 'ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு இலவச சிகிச்சை.' எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரம். மைக் வேறு. கல்யாண வீடு தோற்றுவிடும், போங்கள்!

வெயில் ஏறியது. ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"மருந்து வீடு தேடி வந்திருக்கு மேடம்! இந்த ஜனங்களுக்கு இன்னும் என்னதான் வேணும்?" கோதண்டத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதிர் டீக்கடையில ஒரு அம்மா ரொம்ப நேரமா நிக்கிறாங்களே, யாரு?"

"பொன்னுருவி." அவர் குரலைத் தாழ்த்தினார். "மாத்திரையை நடுவுல நிறுத்திட்டாங்க. இப்படியே விட்டா ஈரல் தாங்காது. பொண்ணுக்கு வரன் அமைஞ்சிருக்கு. மாப்பிள்ளை வீடும் இதே ஊர்தான்."

ஜமீலா எழுந்தார். பேனரை அவிழ்த்துச் சுருட்டினார்.

"ஐயோ, மேடம்!"

அதற்குள் மைக் அவர் கையில். "முட்டிவலி, பல்வலி, சுகர், பிரஷர், எதுவானாலும் வாங்க! எல்லாருக்கும் ஒரே வரிசை. உள்ளே ஒவ்வொருத்தராப் பார்க்கிறோம்!"

அவ்வளவுதான். டீக்கடையே எழுந்து வந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பாவும் வந்தார். அவருக்குப் பின்னாலேயே பொன்னுருவி, தைரியமாய்!

கதவு சாத்திய அறையில் ரத்தம் எடுத்தார்கள். எந்த மருந்தானாலும் ஒரே மாதிரி காகிதப் பை. பொன்னுருவி பையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த மாசமும் இப்படியேதான் நடக்குமா என்று கேட்டார்.

"நடக்கும்மா, நடக்கும்!" கோதண்டம் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையே திரும்பிப் பார்த்தது.

கூட்டம் கலைந்ததும் அவர் குருவிடம் ஓடிவந்தார்.

"மேடம், ஹெபடைடிஸ் பி-க்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க? மைக்ல அதோட பேரையே சொல்லலையே?"

"உள்ளே அவங்கவங்ககிட்ட தனியா சொன்னேனே சார். நோய்க்குப் பேர் வேணும். வரிசைக்கு எதுக்கு?"