பதினோராவது தாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் லிண்டிவே என்றொரு அச்சோவியக்காரி இருந்தாள். மரத்தில் உருவம் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பது அவள் தொழில். கடையில் வாங்கிய பலகையைத் தொடமாட்டாள். கறுப்பு மக்களின் முகத்தை அவர்கள் கை பட்டுத் தேய்ந்த பொருளில்தான் செதுக்குவாள்.

அவள் அம்மா நோசிபோ, வெள்ளைக்காரர் வீடொன்றில் முப்பது வருஷம் துணி தேய்த்தவள். துணி விரித்து இஸ்திரி போட்ட பலகையை, வேலையை விடும்போது கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

"என் முகத்தைச் செதுக்கிக்கோ. முடிஞ்சதும் திருப்பிக் குடு. நான் போகும்போது தலைமாட்டுல இருக்கணும். முகத்துக்குக் குறுக்கே ஒரு கீறல் விழக்கூடாது" என்றாள்.

லிண்டிவே சரி என்றாள்.

பலகையில் ஒரு விரிசல். தச்சர்கள் பூசும் வெள்ளை மக்குப் பசையை வைத்து அடைத்தாள். அது கல்லாக இறுகி மரத்தோடு மட்டமானது. பிறகு செதுக்கினாள். தாளில் பள்ளம் வெள்ளையாக விழும், மேடு கறுப்பாக விழும். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பின் மேலேயே அம்மாவின் கன்னம் அமைந்தது.

பத்தே படங்கள் எடுத்தாள். பத்தும் விற்றன. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் பலகையைக் குறுக்கே கீறி, அதற்குச் சாட்சியாக ஒரு தாள் எடுத்துக் காட்டவேண்டும். "இனி இந்த முகம் அச்சாகாது" என்று லிண்டிவே கையெழுத்தும் போட்டிருந்தாள். எப்போதும் போடுகிற கையெழுத்து. இதையும் மற்றப் பலகைகளைப் போல நினைத்துவிட்டாள்.

காட்சிக்கூடக்காரர் ஹென்ட்ரிக் வந்தார்.

"ரெண்டு கீறல். அரை நிமிஷ வேலை."

மூலையில் உட்கார்ந்திருந்த நோசிபோ நிமிரவில்லை. "உங்க கன்னத்துல போட்டுக்குங்க, ஐயா."

"உங்க மகள் கையெழுத்துப் போட்டிருக்காம்மா."

"எனக்கு வாயால சொல்லியிருக்கா."

வாங்கியவர்கள் மறுநாள் வருவார்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார். கீறினால் அம்மா முகத்தில் விழிக்க முடியாது. கீறாவிட்டால் இனி தன் படத்தை யாரும் நம்பி வாங்கமாட்டார்கள். லிண்டிவே கத்தியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

மறுநாள் பத்துப் பேர் பார்க்கப் பதினோராவது தாளை எடுத்தாள். தாளில் முகம் இல்லை. பலகையில் முகம் அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். லிண்டிவே என்ன செய்திருந்தாள்?

விடை: செதுக்கிய பள்ளங்கள் எல்லாவற்றையும் வெள்ளை மக்கால் நிரப்பி, மட்டமாக இறுகவிட்டிருந்தாள். மேடு பள்ளம் போய்விட்டதால் கையெழுத்துப் போட்டபடி இனி அந்த முகம் அச்சாகாது; தாள் முழுக்கக் கறுப்பாக வந்தது. பலகையில் மையைத் துடைத்ததும் வெள்ளைக் கோடுகளில் முகம் திரும்பி வந்தது. ஹென்ட்ரிக் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல யாருமே தெரியலையே." நோசிபோ பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "முப்பது வருஷம் அந்த வீட்டுல என்னை அப்படித்தான் பார்த்தாங்க."