போகையிலும் சுமை, வருகையிலும் சுமை

முள்ளாங்குளத்து ஆட்களுக்கு அறிவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தது. எடுத்தால் செலவாகிப் போகும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் வெயிலுமுத்து என்று ஒருவன். அவனுக்கு ஒரு மிளகாய்த் தோட்டம், ஒரு கிணறு, கல்யாணத்தின்போது மாமனார் கொம்பையா கொடுத்த இரண்டு காளைகள். ஒன்று மயிலை, இன்னொன்று செவலை. பெண்டாட்டி செல்லத்தாயி மேல் அவனுக்குப் பிரியம்தான். ஆனால் காளைகள் மேல் உயிர். செல்லத்தாயிக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பான். செவலை தும்மினால் அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்காது.

அந்தக் காளைகளுக்குத்தான் ஆபத்து வந்தது. கொம்பையா சொல்லி அனுப்பியிருந்தார்: "வெள்ளிக்கிழமை தோட்டத்தைப் பாக்க வாரேன். செடி பச்சையா நின்னா மாடு உனக்கு. காய்ஞ்சு கிடந்துச்சோ, ரெண்டையும் அவுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

அந்த நேரம் பார்த்து ஊருக்குள் ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய விவசாய ஆபீசர் வேப்பமரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"நஷ்டம் எங்க வருது தெரியுமா? வெறும் நடையில வருது! சந்தைக்குக் காய் ஏத்திப் போற வண்டி திரும்பறப்போ எரு ஏத்திட்டு வரணும். போகையிலும் சுமை, வருகையிலும் சுமை. எதுவும் வெறுசாத் திரும்பக் கூடாது. இதை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்கன்னா தோட்டம் செழிச்சிரும்."

எல்லாரும் கை தட்டினார்கள். வெயிலுமுத்துவின் பங்காளி சொரிமுத்து மட்டும் பாதியில் நிறுத்திவிட்டான். "கை சேரும்போதுதான் சத்தம் வருது. பிரியும்போது சும்மாதானே பிரியுது? பாதி வேலை வீண்" என்றான். இப்படிப்பட்ட மூளை பக்கத்தில் இருக்கையில் மாடு எங்கே போய்விடும் என்று வெயிலுமுத்துவுக்குத் தெம்பு வந்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார்கள். வெயிலுமுத்து, சொரிமுத்து, இன்னொரு பங்காளி மாடக்கண்ணு, மூன்று பேரும். வண்டி நிறைய எருவைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். கொட்டப் போகும்போது மாடக்கண்ணு தடுத்தான்.

"கொட்டிட்டா வண்டி வெறுசால்ல திரும்பும்?"

வாஸ்தவம்தானே? எருவை அப்படியே வீட்டுக்குத் திருப்பி ஓட்டி வந்தார்கள்.

அடுத்து களை. வரப்பின் இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடி வரைக்கும் களை பிடுங்கினார்கள். திரும்பி வரும்போது மூன்று பேருக்கும் கை சும்மா இருந்தது. அதனால் பிடுங்கிய களையை நட்டுக்கொண்டே வந்தார்கள். ஒன்றுகூட வாடாமல் பார்த்து நட்டார்கள், பாவம்.

மத்தியானம் செல்லத்தாயி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வந்தாள். மூன்று பேரும் சட்டியை எட்டிப் பார்த்து எச்சிலை விழுங்கிவிட்டு, "நிறைஞ்ச சட்டியாவே கொண்டு போயிரு தாயி" என்றார்கள்.

"உங்களுக்கெல்லாம் கோட்டி பிடிச்சிருக்கா?" என்றாள் அவள். ஆனாலும் கொண்டு போனாள். அவளும் அந்த ஊருக்கு வாக்கப்பட்டவள்தானே.

பிறகு கமலைக்கு வந்தார்கள். கமலை எப்படி என்றால், மாடு சரிவில் இறங்கி நடந்தால் வடம் இழுபட்டு, தண்ணீர் நிறைந்த பெரிய இரும்புச் சால் கிணற்றுக்குள்ளிருந்து மேலே வரும். சாலின் அடியில் இருக்கும் தோல் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலுக்கு ஓடும். மாடு பின்பக்கமாகவே நடந்து சரிவில் ஏறினால் வெறும் சால் கிணற்றுக்குள் இறங்கும்.

"வெறும் சாலா இறங்குது!" என்று வெயிலுமுத்து நெஞ்சில் அடித்துக்கொண்டான். "இத்தனை வருசமா இப்படி மோசம் போயிருக்கோமே!"

மூன்று பேரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஏறும்போது தண்ணி நிறைஞ்சு வருதுல்லா? அதை வெளிய விடாம வச்சிருந்தா இறங்கும்போதும் நிறைஞ்சே போகும்" என்றான் சொரிமுத்து.

"நீ மந்திரியா இருக்க வேண்டியவன்டா" என்றான் மாடக்கண்ணு.

தோல் வாலைச் சுருட்டி இறுக்கிக் கட்டினார்கள். அன்றிலிருந்து சால் நிறைந்து ஏறியது, நிறைந்தே இறங்கியது. காளைகள் முன்னும் பின்னுமாக நாள் முழுக்க நடந்தன. கிணற்றில் தண்ணீர் ஒரு விரல்கூடக் குறையவில்லை.

"இத்தனை இறைச்சும் வத்தலையே! எல்லாம் அந்த ஆபீசர் புண்ணியம்" என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. மிளகாய்ச் செடிதான் ஏனோ தலையைத் தொங்கப் போட்டது. கண்ணேறு பட்டிருக்கும் என்று செல்லத்தாயி சுத்திப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கொம்பையா வந்தார். கிணற்றைப் பார்த்தார், கண்ணாடி மாதிரித் தண்ணீர் கிடந்தது. தோட்டத்தைப் பார்த்தார், அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. நேரே போய் மயிலையையும் செவலையையும் அவிழ்த்தார்.

வெயிலுமுத்துவுக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "மாமா, மாமா! அதுக ரெண்டும் போயிட்டா நான் செத்துருவேன் மாமா!"

அவர் காதிலேயே வாங்கவில்லை. காளைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவையும் சமர்த்தாக நடந்தன, சரிவு முடிகிற தூரம் வரைக்கும். அங்கே நின்று, பழக்கதோஷத்தில், அவரையும் இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கிணற்றடிக்கு வந்து சேர்ந்தன. மறுபடி இழுத்தார். மறுபடி கிணற்றடிக்கே வந்தார். பத்துத் தடவை இழுத்திருப்பார். மேல்துண்டு ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம் என்று கிணற்று மேட்டில் விழுந்தார்.

அப்போதுதான் கட்டிக் கிடந்த தோல் வால் அவர் கண்ணில் பட்டது. "அட மூதேவிகளா! அதை அவுத்து விடுங்கடா! தண்ணி பாய்ஞ்சா செடி பிழைக்கும்!"

"அவுத்தா சால் வெறுசா இறங்குமே மாமா" என்றான் வெயிலுமுத்து.

"கல்லை வச்சு இறக்கலாமா?" என்றான் மாடக்கண்ணு.

"கிணறு தூர்ந்து போகும்லா" என்றான் சொரிமுத்து.

கொம்பையா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ சாமி! இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிறதுக்கு என்னைத் தூக்கிக் கிணத்துல போடுங்கடா!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான். தங்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிவிட்டதே!

வெயிலுமுத்து காளைகளைப் பூட்டினான். மற்ற இருவரும் தோல் வாலை அவிழ்த்துவிட்டு, மாமனாரை மரியாதையாகச் சாலுக்குள் உட்கார வைத்தார்கள். துண்டைக்கூட மறக்காமல் எடுத்துத் தோளில் போட்டார்கள். அவர் கத்தக் கத்தச் சால் இறங்கியது. உள்ளே இருந்த பாறைத் திட்டில் அவர் தொற்றி ஏறினார். சால் தண்ணீர் மொண்டு மேலே வந்தது, வாய்க்காலில் பாய்ந்தது.

இறங்கும்போதும் நிறைவு, ஏறும்போதும் நிறைவு! வெயிலுமுத்து காளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

அடுத்த சாலுக்குச் சொரிமுத்து இறங்கினான். அதற்கடுத்து மாடக்கண்ணு. கஞ்சியோடு வந்த செல்லத்தாயி தூக்குச்சட்டியோடு இறங்கினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் வரிசையில் நின்று ஆளுக்கொரு சாலாக இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்க நனைந்து செடி நிமிர்ந்துவிட்டது. ஊர் முழுக்கக் கிணற்றுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளே! செடி எப்படி இருக்கு?" என்று உள்ளேயிருந்து மாமனார் குரல் கேட்டது.

"பச்சைப் பசேல்னு நிக்கி மாமா!"

"மாட்டை நீயே வச்சுக்கோ! உன் பேரன் காலம் வரைக்கும் வச்சுக்கோ! என்னை மட்டும் மேல தூக்கிவிடு!"

"தாராளமாத் தூக்குதேன் மாமா. ஆனா உங்களைத் தூக்க வாற சால் வெறுசா இறங்கக் கூடாதே. நான் இறங்கினா மாட்டை ஆரு ஓட்டுவா? மேல வேற ஆளே இல்லையே."

அப்போது வரப்பில் யாரோ வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவது தெரிந்தது. போன புருஷனை இன்னும் காணோமே என்று தேடிக்கொண்டு மாமியார் வந்துகொண்டிருந்தாள்.

வெயிலுமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாலைத் துடைத்து வைத்துவிட்டு எதிர்கொண்டு ஓடினான்.

"வாங்க அத்தை, வாங்க! மாமா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காக. முதல்ல இதுல உட்காருங்க."